தளம் போட்டால் பாதி வீடுதான்

சொந்தமாக வீடு கட்டுகிற நடுத்தரக் குடும்பம் எந்தக் கட்டத்தில் கடனில் சிக்குகிறது என்ற ஒரு கேள்வியை மட்டும் இன்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். மனை விலை, சிமென்ட் விலை, கம்பி விலை, கூலி உயர்வு என்றுதான் வழக்கமாகப் பதில் வரும். இவை உண்மையான சுமைகளே. ஆனால் இவை கண்ணுக்குத் தெரிந்து வருகிற சுமைகள். இவற்றுக்காகக் குடும்பம் முன்கூட்டியே சேமிக்கிறது, நாலு இடத்தில் விலை கேட்கிறது, வங்கியில் விசாரிக்கிறது. உண்மையான சிக்கல் தளம் போட்ட பிறகு தொடங்குகிறது. கான்கிரீட் போட்ட அன்று மேஸ்திரிக்கு வேட்டி துண்டு கொடுத்து, ஆட்களுக்குச் சாப்பாடு போட்டு, வீடு முடிந்த மாதிரிதான் என்று நிம்மதி அடைகிறோம். அன்றைக்கு முடிந்திருப்பது பாதி வீடு. கையிலிருந்த பணமோ பெரும்பாலும் தீர்ந்துபோயிருக்கிறது. பூச்சு, ஒயரிங், குழாய், தரை, கதவு ஜன்னல், பெயின்ட், அலமாரி, சமையலறை, கேட், காம்பவுண்டு என்ற மீதிப் பாதியை எந்தப் பணத்தில் முடிக்கிறோம் என்பதுதான் அந்தக் குடும்பத்தின் அடுத்த பத்து ஆண்டுகளைத் தீர்மானிக்கிறது. ஆகவே வீட்டுக் கணக்கைக் கடைக்காலிலிருந்து மேல்நோக்கிப் போடுவதை விட்டுவிட்டு, குடிபோகும் நாளிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும் என்பது என் வாதம்.

இந்தச் சிக்கலின் வேர் நாம் விலை பேசும் முறையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் வீடு கட்டுகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "சதுர அடிக்கு எவ்வளவு?" என்பதே. ஒரு எண்ணைச் சொல்கிறார்கள். அதை வீட்டின் பரப்பளவால் பெருக்கி, வீட்டுக்கு இவ்வளவு ஆகும் என்று முடிவு செய்துவிடுகிறோம். கணக்குக்காக 1,000 சதுர அடி வீடு, சதுர அடிக்கு 2,300 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 23 லட்சம் வருகிறது. இந்த 23 லட்சத்துக்குள் என்னென்ன அடக்கம் என்று எழுத்தில் கேட்டவர்கள் எத்தனை பேர்? பெரும்பாலான ஒப்பந்தங்களில் போர்வெல் இருக்காது. சம்ப்பும் செப்டிக் டேங்க்கும் தனிக் கணக்கு, அதுவும் லிட்டர் கணக்கு. காம்பவுண்டுச் சுவரும் கேட்டும் தனி. மின் இணைப்புக் கட்டணம், வரைபட அனுமதிக் கட்டணம், மொட்டை மாடியில் தட்டோடு பதிப்பது, அலமாரிகளுக்கான மரவேலை, மாடுலர் கிச்சன் எல்லாம் தனி. பரப்பளவை அளப்பதிலேயே ஒத்த கருத்து கிடையாது. போர்ட்டிகோவை முழுதாக எடுப்பதா பாதியாக எடுப்பதா, மாடிப்படியை இரண்டு தளத்திலும் சேர்ப்பதா, சன்ஷேடு உண்டா இல்லையா என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். ஒப்பந்தத்தில் டைல்ஸ் சதுர அடி 50 ரூபாய்க்குள் என்று ஒரு வரி இருக்கும். கடைக்குப் போனால் குடும்பத்தில் எல்லாருக்கும் பிடித்தது 90 ரூபாய் டைல்ஸாக இருக்கும். உட்பரப்பு 850 சதுர அடி என்றால் அந்த ஒரு தேர்வில் மட்டும் 34,000 ரூபாய் கூடுகிறது. வெட்டுச் சேதாரமும், சுவரடியில் ஒட்டுகிற ஸ்கர்ட்டிங்கும் இதில் சேரவில்லை. இதில் ஒப்பந்தக்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல ஒன்றுமில்லை. சொன்னதைத்தான் அவர் செய்தார். கேட்க வேண்டியது கேட்கப்படவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது காரணம் வங்கிக் கடன் வந்து சேரும் வரிசை. ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை, 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம் வரை கடன் தரலாம். பத்திரச் செலவு பொதுவாக இந்த மதிப்பில் சேராது. தமிழ்நாட்டில் மனை வாங்கும்போது வழிகாட்டி மதிப்பில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம் கையிலிருந்து போகிறது. பதிவுக் கட்டணம் 4 சதவீதமாக இருந்து 2023 ஏப்ரலில்தான் 2 ஆகக் குறைந்தது. கூடவே வழிகாட்டி மதிப்பும் ஏற்றப்பட்டது. மனைக்குப் போனதுபோகக் கையில் மிஞ்சியதை வங்கி முதலில் செலவழிக்கச் சொல்கிறது. கடன் வாங்குகிறவர் தன் பங்கை முதலில் போட்டுக் கட்டிடத்தை எழுப்பிக் காட்டினால்தான் வங்கிப் பணம் இறங்கும். பேஸ்மென்ட், லிண்டல், தளம், பூச்சு என்று ஒவ்வொரு கட்டத்திலும் பொறியாளர் வந்து பார்த்துச் சான்று தந்த பிறகே அடுத்த தவணை. வங்கிக்கு இது நியாயமான பாதுகாப்பு. ஆனால் இதன் விளைவைக் கவனியுங்கள். வட்டியில்லாத, யாரிடமும் பதில் சொல்ல வேண்டாத சொந்தச் சேமிப்பு கடைக்காலிலேயே புதைந்துவிடுகிறது. அடுத்து மலிவான வட்டியில் வந்த வீட்டுக் கடன் சுவரிலும் தளத்திலும் முடிகிறது. கடைசிப் பாதிக்கு வரும்போது மிச்சம் இருப்பது விலை உயர்ந்த பணம் மட்டுமே: தனிநபர் கடன், நகைக் கடன், கைமாற்று, முதல் மாதங்களிலேயே தள்ளி எடுக்கும் ஏலச்சீட்டு, தவணைக்கு மரச்சாமான். மலிவான பணத்தில் தொடங்கி அதிக வட்டிப் பணத்தில் முடிப்பதே இந்த ஏற்பாட்டின் இயல்பு.

அந்த வட்டி எவ்வளவு என்று கணக்குப் பார்ப்போம். 30 லட்ச ரூபாய், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 26,035 ரூபாய். முதல் மாதத் தவணையில் 21,250 ரூபாய் வட்டிக்கே போகிறது. அசலில் குறைவது 4,785 ரூபாய். இருபது ஆண்டில் மொத்தம் கட்டுவது 62 லட்சத்து 48 ஆயிரம். இதற்கு மேல் உள்வேலைக்காக 5 லட்சத்தைத் தனிநபர் கடனாக, 14 சதவீத வட்டியில், ஐந்து ஆண்டுக்கு எடுத்தால் அதற்கு மாதம் 11,634 ரூபாய். அதே 5 லட்சம் வீட்டுக் கடனுக்குள்ளேயே சேர்ந்திருந்தால் மாதம் 4,339 ரூபாய் மட்டுமே கூடியிருக்கும். இங்கே ஒருவர் நியாயமாக மறுக்கலாம்: இருபது ஆண்டு இழுத்தால் அந்த 5 லட்சத்துக்கு மொத்தம் 10 லட்சத்துக்கு மேல் கட்ட வேண்டியிருக்குமே, ஐந்தாண்டில் ஏழு லட்சத்தில் முடிவதுதானே லாபம்? தொகையை மட்டும் பார்த்தால் அப்படித்தான். ஆனால் மாறும் வட்டியில் தனிநபர் வாங்கும் வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைக்க அபராதம் கிடையாது. போனஸ் வந்தாலும் சீட்டு முடிந்தாலும் அசலில் கட்டிக் குறைத்துக்கொள்ளலாம், கூடுதலாகக் கட்ட முடியாத ஆண்டில் வழக்கமான தவணையோடு நிறுத்திக்கொள்ளலாம். தனிநபர் கடனில் அந்த மூச்சுவிடும் இடம் இல்லை. 60,000 ரூபாய் சம்பளத்தில் 26,000 போவதற்கும் 37,600 போவதற்கும் உள்ள வித்தியாசம் பிள்ளைகளின் கல்விக் கட்டணமாகவும் பெற்றோரின் மருந்துச் செலவாகவும் வீட்டுக்குள் தெரியும். வருமான வரிச் சலுகை கைகொடுக்கும் என்று நம்புகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாம் குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரை கழிவு தருவது பழைய வரி முறை. 2023-24 நிதியாண்டு முதல் தானாகவே பொருந்துகிற புதிய முறையில் அந்தக் கழிவு இல்லை.

வீடு கட்டும் காலத்தில் நம் கவனம் எங்கே போகிறது, பணம் எங்கே போகிறது என்பதை ஒப்பிட்டால் இந்த வாதம் இன்னும் தெளிவாகும். 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட்டுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. நல்ல செய்திதான். 1,000 சதுர அடி வீட்டுக்கு உத்தேசமாக 400 முதல் 450 மூட்டை சிமென்ட் செல்லும். வரிக்கு முன் மூட்டை 280 ரூபாய் என்று கொண்டால், அந்தக் குறைப்பால் மிச்சமாவது 12,000 ரூபாய் அளவு. கம்பி அதே வீட்டுக்கு நான்கு டன் வாக்கில் வேண்டும்; கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏறினாலும் கூடுவது 20,000 ரூபாய். இந்த ஏற்ற இறக்கத்துக்காகக் கடை கடையாக ஏறி இறங்குகிறோம், விலை இறங்கட்டும் என்று வேலையை நிறுத்தி வைக்கிறோம். இரண்டு படுக்கையறை அலமாரியும் சமையலறை மரவேலையும் ஒரே மாலையில், கடையில் காட்டிய வண்ணப் படத்தைப் பார்த்து, மூன்று நான்கு லட்சத்துக்கு முடிவாகிவிடுகின்றன. சிமென்ட்டிலும் கம்பியிலும் பேரம் பேசி வருடக்கணக்கில் மிச்சம் பிடித்தாலும் அந்த ஒரு மாலை முடிவுக்கு அது ஈடாகாது. இன்னொரு பக்கம், வேலையை நிறுத்தி வைப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. 20 லட்சம் வங்கிப் பணம் இறங்கிய நிலையில் ஆறு மாதம் வேலை நின்றால் வட்டி மட்டும் 85,000 ரூபாய். மாதம் 12,000 வாடகையில் இருக்கும் குடும்பம் என்றால் அதில் இன்னொரு 72,000. கைக்கு வராத வீட்டுக்காக ஒன்றரை லட்சத்துக்கு மேல் கரைந்துபோகிறது.

பணத்தைப் போலவே வேலையின் வரிசையும் பின்னோக்கிச் சிந்திப்பதைக் கேட்கிறது. தளம் போடும் நாளை எடுத்துக்கொள்வோம். கம்பி கட்டுகிறவர்கள் கட்டி முடித்த பிறகு, கலவை மெஷின் வருவதற்கு முன், எலக்ட்ரீஷியன் பி.வி.சி. குழாய்களையும் ஃபேன் பாக்ஸ்களையும் கம்பிக்குள் வைத்துக் கட்டுகிறார். கூடத்தில் ஃபேன் எங்கே, சாப்பாட்டு மேசைக்கு மேலே விளக்கு வருமா, கட்டில் எந்தச் சுவரோரம் என்று அப்போது கேட்பார். வீட்டுக்காரர் அதை அந்த நிமிடம்தான் முதன்முதலாக யோசிக்கிறார். "ரூமுக்கு நடுவுல வச்சிடுங்க" என்று சொல்லிவிடுகிறார். பிறகு அலமாரி ஒரு பக்கச் சுவரை இரண்டடி சாப்பிட்டுவிட, ஃபேன் ஒதுங்கி நிற்கிறது, கட்டிலின் தலைமாட்டில் சுவிட்ச் இல்லை. சமையலறையில் இது இன்னும் கடுமை. சிங்க் எந்த மூலை, தண்ணீர் சுத்திகரிப்பானுக்குக் குழாயும் பிளக்கும் எந்த உயரம், புகைபோக்கி வெளியே போக எங்கே துளை, ஏ.சி. தண்ணீர் எந்த வழியாக இறங்கும் என்பதெல்லாம் சுவர் பூசுவதற்கு முன்பே முடிவாக வேண்டியவை. பூசி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்த சுவரை உடைத்தால் உடைக்கிற ஆள் கூலி, இடிபாட்டை அள்ளுகிற கூலி, திரும்பப் பூசுகிற கூலி, திரும்பப் பெயின்ட் அடிக்கிற கூலி என்று ஒரு பிளக் பாயின்ட்டுக்கு நான்கு கூலி ஆகிறது. அப்படியும் ஒட்டுப்போட்ட இடம் கண்ணில் உறுத்திக்கொண்டே இருக்கும். குளியலறையில் நீர்க்கசிவுத் தடுப்பை டைல்ஸ் ஒட்டிய பிறகு செய்ய வேண்டிவந்தால் மொத்தத் தரையையும் பெயர்க்க வேண்டும். அலமாரியும் கட்டிலும் சிங்க்கும் எங்கே என்று கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே வரைபடத்தில் குறித்துவிட்டால் இந்த உடைப்புகளில் பெரும்பகுதி நடக்காது. அதற்குச் செலவாவது ஒரு பொறியாளரின் கட்டணமும் குடும்பம் சேர்ந்து உட்கார்ந்து பேசுகிற சில மாலைகளும்தான்.

முதலில் திட்டமிடுவது என்றால் முதலில் செலவழிப்பது என்று பொருளாகாது. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் உள்வேலைக்குப் பணம் ஒதுக்குங்கள் என்றால் கட்டிடத்தில் சிக்கனம் பிடியுங்கள் என்று புரிந்துகொள்ளும் ஆபத்து இருக்கிறது. மறைந்து போகிற வேலையில் கைவைக்கக் கூடாது. ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரக் குறியீடு கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தபட்சம் எம்20 தரம் வேண்டும் என்கிறது. சாதாரண சிமென்ட் என்றால் ஏழு நாளாவது, கலப்புச் சிமென்ட் என்றாலோ வெயிலும் வறட்சியும் மிகுந்த இடம் என்றாலோ பத்து நாளாவது தண்ணீர் விட வேண்டும் என்கிறது. நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டுகளை ஏழு நாளும், அதற்கு மேல் போனால் பதினான்கு நாளும் எடுக்கக் கூடாது என்கிறது. கலவை எளிதாக ஓட வேண்டும் என்று கூடுதலாகத் தண்ணீர் ஊற்றினால் வலிமை குறைகிறது. இவற்றைச் சரியாகச் செய்ய ஆகும் கூடுதல் செலவு சிறியது. செய்யாமல் விட்டால் பிறகு எந்தப் பணத்தாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. ஒயர், எர்த்திங், குழாய், நீர்க்கசிவுத் தடுப்பு ஆகியவையும் இந்த இனத்தில் சேர்ந்தவை. தள்ளிப்போடக் கூடியவை வேறு: ஃபால்ஸ் சீலிங், முகப்பு அலங்காரம், தேக்கு மரக்கதவுகள், இரண்டாவது படுக்கையறை அலமாரி. இவற்றை மூன்று ஆண்டு கழித்துச் செய்தாலும் வீட்டுக்கு ஒரு குறையும் இல்லை. எதைத் தள்ளிப்போடலாம் என்று தெரிய வேண்டுமானால், முழுப் பட்டியலும் முதல் நாளே கையில் இருக்க வேண்டும்.

இந்த வாதத்துக்கு வரும் முதல் மறுப்பு, விலை மாறிக்கொண்டே இருக்கும்போது முழுப் பட்டியல் போட்டு என்ன பயன் என்பது. எம்சாண்ட் விலை ஒரே ஆண்டில் ஏறுகிறது, ஆற்று மணல் கிடைப்பதே அரிது, கூலி ஆடியில் ஒன்று தையில் ஒன்று. வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று பெரியவர்கள் சொன்னதே இதற்காகத்தானே என்பார்கள். விலை மாறும் என்பது உண்மை. ஆனால் மதிப்பீட்டை மிஞ்சிய செலவில் இரண்டு வகை உண்டு. பட்டியலில் இருந்த பொருளின் விலை ஏறியது ஒரு வகை. பட்டியலிலேயே இல்லாத பொருள் வந்து நின்றது இன்னொரு வகை. முன்னதற்குப் பத்து சதவீதம் ஒதுக்கி வைத்தால் பெரும்பாலும் தாங்கும். பின்னதற்கு எந்த ஒதுக்கீடும் போதாது. காம்பவுண்டுச் சுவரை மறந்தவருக்கு எம்சாண்ட் விலை இறங்கி என்ன ஆகப்போகிறது? பட்டியல் போட நேரம் எங்கே என்று முன்பு கேட்டிருக்கலாம். வரைபட அனுமதிக்கு அலைவதிலேயே மாதங்கள் போயின. 2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் தரைத்தளம், முதல் தள வீடுகளுக்குச் சுயசான்று முறையில் இணையவழியே உடனடி அனுமதி கிடைக்கிறது. அந்த மாதங்களைப் பட்டியலுக்குக் கொடுக்கலாம். இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. மனை அங்கீகரிக்கப்பட்டதாக இருந்தால்தான் இந்த வசதியெல்லாம். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தது. பிறகு 2017-இல் வரன்முறை விதிகள் வந்து, 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்கு வழி செய்தன. வரன்முறைக் கட்டணமும் அபிவிருத்திக் கட்டணமும் பாக்கி நிற்கும் மனையை மலிவு என்று வாங்கினால், அந்த மலிவு அனுமதி வாங்கும்போது செலவாகத் திரும்பி வரும்.

இரண்டாவது மறுப்பைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். நம் நாட்டில் பெரும்பாலான வீடுகள் முழுப் பணத்தோடு கட்டப்பட்டவை அல்ல. கொஞ்சம் கட்டிக் குடிபோய், பூசாத சுவரோடு வாழ்ந்து, பணம் வரவர முடித்த வீடுகளே அதிகம். பின்னோக்கித் திட்டமிடச் சொல்வது வசதி உள்ளவர்களுக்கான அறிவுரை ஆகாதா? 2024-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தையே பாருங்கள். 2030-க்குள் குடிசையில்லா மாநிலம் என்ற நோக்கில், 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறது. வகுத்துப் பார்த்தால் சதுர அடிக்கு 972 ரூபாய். குடிசையில் பிறந்து வளர்ந்த குடும்பம் கான்கிரீட் தளத்துக்கு அடியில் படுப்பது சிறிய மாற்றம் அல்ல. அந்தப் பணத்தின் மதிப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இந்த விலையில் சுவரும் தளமும் எழும்பிய பின் உள்வேலைக்கு எவ்வளவு மிஞ்சும்? மிஞ்சாத தொகையை அந்தக் குடும்பம் எங்கே தேடும்? நாள்கூலிக்குப் போகிறவருக்கு வங்கியில் தனிநபர் கடன்கூடக் கிடைக்காது. வாரவட்டிக்காரரோ குழுக் கடனோதான். ஆகவே பின்னோக்கித் திட்டமிடுவது யாருக்கு அதிகம் தேவை என்றால், பணம் குறைவாக உள்ளவருக்கே. படிப்படியாகக் கட்டுவது வேறு, பாதியில் நிற்பது வேறு. ஒரு அறை, சமையலறை, கழிப்பறை மூன்றையும் பூச்சு, மின்சாரம், தண்ணீரோடு முழுதாக முடித்துக் குடிபோய்விட்டு, அடுத்த அறைக்குக் கம்பியை விட்டு வைப்பது படிப்படியான கட்டுமானம். நான்கு அறைக்குத் தளம் போட்டுவிட்டு, ஒன்றிலும் கதவில்லாமல் வாடகை வீட்டிலேயே இருப்பது பாதியில் நின்ற கட்டுமானம். இரண்டுக்கும் அதே பணம் போதும். முதலாவதில் வாடகை நிற்கிறது, இரண்டாவதில் வட்டியும் வாடகையும் சேர்ந்து ஓடுகின்றன.

மூன்றாவது மறுப்பு குடும்பங்களுக்குள்ளிருந்தே வருகிறது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை கட்டுகிறோம், அதைப் பெரிதாகக் கட்டினால் என்ன? நாளைக்குப் பையனுக்கு ஒரு அறை, பெண் வந்தால் தங்க ஒரு அறை வேண்டாமா? இந்த ஆசையில் தவறில்லை. சொத்து என்றால் வீடும் தங்கமும் என்று எண்ணுகிற நாடு இது; ரிசர்வ் வங்கி அமைத்த குடும்ப நிதிக் குழு 2017-இல் தந்த அறிக்கையில், இந்தியக் குடும்பங்களின் சொத்தில் சராசரியாக 77 சதவீதம் நிலமும் வீடுமாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு கூடுதல் அறையும் தளத்தோடு முடிவதில்லை. அதற்குத் தரை, கதவு, ஜன்னல், கிரில், ஃபேன், விளக்கு, அலமாரி, திரைச்சீலை, ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறை பெயின்ட் எல்லாம் பின்தொடர்கின்றன. 1,300 சதுர அடியில் பாதி முடிந்த வீட்டைவிட 1,000 சதுர அடியில் முழுதாக முடிந்த வீடு நல்லது என்று நான் தயங்காமல் சொல்வேன். பூச்சும் பெயின்ட்டும் கட்டாயம்தானா என்றுகூடக் கேட்க வேண்டும். 2007-இல் காலமான கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தை மையமாக வைத்து ஆயிரக்கணக்கானோருக்குப் பயன்படும் வகையில் செய்துகாட்டியது, அவை இல்லாமலும் வீடு கட்டலாம் என்பதைத்தான். செங்கல்லை நெட்டுக்குத்தாக அடுக்கி நடுவில் வெற்றிடம் விடும் எலிப்பொறிக் கட்டு முறையில் கால்பங்கு செங்கல் மிச்சமாகிறது. சுவரைப் பூசாமல் செங்கல்லாகவே விடுவதால் பூச்சும் பெயின்ட்டும் அவற்றின் பராமரிப்பும் மிச்சமாகின்றன. ஆரோவில்லில் 1989 முதல் இயங்கும் மண் கட்டுமான நிறுவனம் அழுத்திய மண் கற்களை வைத்து இதே திசையில் வேலை செய்கிறது. பூசாத சுவர் வசதிக்குறைவின் அடையாளம் என்ற எண்ணம் நம் ஊரில் வலுவாக இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அந்த எண்ணத்துக்காக லட்சக்கணக்கில் கொடுக்கிறோம் என்பதையாவது தெரிந்து கொடுக்க வேண்டும். இந்த முறைகளில் பழகிய கொத்தனார் எல்லா ஊரிலும் கிடைக்க மாட்டார் என்பதும் உண்மைதான். ஆகவே இது எல்லாருக்குமான தீர்வு என்று நான் சொல்ல வரவில்லை.

அவசரம் என்று ஒன்று இருக்கிறது. கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, ஆடி பிறந்தால் முடியாது, புரட்டாசியும் ஆகாது, பத்திரிகை அடித்தாயிற்று. அந்த நாளை நோக்கி ஓடும் ஓட்டத்தில் ஈரம் காயாத பூச்சின்மேல் பட்டியும் பெயின்ட்டும் ஏறுகின்றன. முதல் மழைக்காலத்திலேயே சுவர் உப்புப் பூத்துச் செதில் செதிலாக உதிர்கிறது. நல்ல நாள் பார்ப்பதை யாரும் விட வேண்டியதில்லை. பூச்சு காய்ந்த பிறகு வரும் நல்ல நாளைப் பார்த்தால் போதும். பின்னோக்கிய கணக்கில் பணத்தைப் போலவே காலமும் ஒரு வரி.

இவ்வளவு தொல்லைக்குப் பதில் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீட்டை வாங்கிவிடலாமே என்பார்கள். அதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. 2016-இன் ரியல் எஸ்டேட் சட்டம், ஒப்பந்தம் பதிவாகாமல் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. கட்டமைப்புக் குறை ஐந்தாண்டுக்குள் தெரிந்தால் கட்டியவரே தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்கிறது. சொந்த மனையில் மேஸ்திரியை வைத்துக் கட்டுகிறவருக்கு இந்தச் சட்டம் நிழல் தராது. ஆனால் கட்டுமானத்தில் இருக்கும் அடுக்குமாடி வீட்டுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. குறைந்த விலை வீடு என்ற வரம்புக்குள் வந்தால் 1 சதவீதம். சாவி கையில் வரும்போது அங்கேயும் அலமாரியும் சமையலறை மரவேலையும் ஃபேனும் விளக்கும் கிடையாது. கடைசிப் பாதியின் சுமையில் ஒரு பகுதி அங்கேயும் காத்திருக்கிறது. அதற்கான பட்டியலும் அதே முறையில்தான் போட வேண்டும்.

சொந்தமாகக் கட்டுகிறவருக்கு மிஞ்சும் பாதுகாப்பு அவர் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தமே. வீடு கட்டித் தருவதும் சேவையே என்பதை 1993-இல் லக்னோ வளர்ச்சி ஆணையம் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆகவே குறை இருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். போனால் அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி, எழுதியது எங்கே என்பதுதான். வாய்ப்பேச்சில் முடிந்த ஒப்பந்தம் மேஸ்திரியையும் காப்பாற்றுவதில்லை. "எக்ஸ்ட்ரா வேலை" என்று அவர் செய்து கொடுத்ததற்குக் கூலி கிடைக்காமல் போன கதைகளும் ஊருக்கு ஊர் உண்டு. கட்டிடச் செலவில் ஒரு சதவீதத்தைத் தொழிலாளர் நல நிதியாக அனுமதி வாங்கும்போதே பலரும் கட்டிவந்திருக்கிறோம். நம் வீட்டில் சாரத்தில் நிற்கும் பெரியாளும் சித்தாளும் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்று மேஸ்திரியிடம் கேட்பதும் வீட்டுக்காரரின் கடமை என்றே நினைக்கிறேன். பதிவு இல்லாதவருக்கு அந்தப் பணம் போய்ச் சேராது.

ஒப்பந்தத்தில் இரண்டு விஷயம் இருந்தால் போதும். ஒன்று, எந்தெந்த வேலை அடக்கம், எது அடக்கமில்லை, ஒவ்வொரு பொருளும் என்ன தரம், என்ன விலைக்குள் என்ற முழுப் பட்டியல். இன்னொன்று, பணம் கொடுக்கும் வரிசை. இன்று வழக்கத்தில் உள்ள வரிசையில் தளம் போடும்போதே ஒப்பந்தத் தொகையில் முக்கால்வாசியைக் கொடுத்து முடித்துவிடுகிறோம். பிறகு மேஸ்திரி அடுத்த வீட்டுக்குக் கடைக்கால் தோண்டப் போய்விடுகிறார், இங்கே வேலை வாரத்துக்கு இரண்டு நாள் நடக்கிறது. அவர் பக்கம் பார்த்தால் மிச்சமிருக்கும் பணத்தைவிட மிச்சமிருக்கும் வேலை அதிகம். அவர் வந்து செய்வதற்கு என்ன காரணம் இருக்கிறது? தளம் வரை பாதி, பூச்சு வரை கால், தரையும் குழாயும் பெயின்ட்டும் முடிந்த பிறகு மீதிக் கால் என்று எழுதிக்கொண்டால் வேலையும் பணமும் கூடவே நடக்கும். வங்கியிலும் இதே முறையைக் கேட்டு வாங்கலாம். கடனுக்குக் கொடுக்கும் மதிப்பீட்டில் பொறியாளர்கள் பெரும்பாலும் கட்டிடத்தை மட்டும் எழுதிக் கொடுக்கிறார்கள், வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு, சுவரோடு சேர்ந்த அலமாரி, சமையலறை மேடை ஆகியவற்றையும் அந்த மதிப்பீட்டில் எழுதச் சொல்லுங்கள். சுவரோடு சேர்ந்தவற்றை ஏற்றுக்கொள்ளும் வங்கிகள் உண்டு. ஏற்காவிட்டால் எதை ஏற்கவில்லை என்பது கடைக்கால் தோண்டும் முன்பே தெரிந்துவிடும். ஒப்புதலான தொகை முழுவதையும் எடுக்க வேண்டிய கட்டாயமில்லை; எடுத்த பணத்துக்குத்தான் வட்டி. விட்டுப்போன செலவு பிறகு வந்தாலும் தனிநபர் கடனுக்கு ஓடுவதற்கு முன், அதே வீட்டுக் கடனின்மேல் கூடுதல் கடன் கிடைக்குமா என்று கேளுங்கள். அதன் வட்டி வீட்டுக் கடனைவிடச் சற்றுக் கூட இருக்கலாம். தனிநபர் கடன் வட்டியைவிடப் பொதுவாகக் குறைவு.